எண்கோட்டில் கூட்டலும் கழித்தலும்

மூன்றுடன் நான்கைக் கூட்டச் சொன்னால், எண்கோட்டில் 3-இன் மேல் விரலை வைத்து, அந்த இடத்திலேயே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கி, ‘நான்கு’ என்று முடிக்கும்போது 6-இல் வந்து நிற்கும் குழந்தைகள் அநேகமாக ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். அதே குழந்தையிடம் ஒன்பதிலிருந்து நான்கைக் கழிக்கச் சொன்னால், 9-இலேயே ‘ஒன்று’ என்று தொடங்கிப் பின்னால் வந்து மறுபடியும் 6-இலேயே நிற்கும். கூட்டலில் விடை ஒன்று குறைகிறது. கழித்தலில் ஒன்று கூடுகிறது. கவனக்குறைவால் வரும் பிழை இவ்வளவு ஒழுங்காக வராது. எண்கோட்டில் எதை எண்ண வேண்டும் என்பதை யாரும் அந்தக் குழந்தைக்கு இன்னும் தெளிவாகக் காட்டவில்லை என்பதே இதற்குக் காரணம்.

எண்ண வேண்டியவை தாவல்கள். ஒரு குறியிலிருந்து அடுத்த குறிக்குப் போகும் ஒவ்வொரு நகர்வும் ஒரு தாவல். பேருந்தில் ஏறி ‘நான்காவது நிறுத்தத்தில் இறங்க வேண்டும்’ என்று கணக்கு வைத்துக்கொள்பவர், தாம் ஏறிய நிறுத்தத்தை அந்த நான்கில் சேர்ப்பதில்லை. எண்கோட்டில் தொடங்கும் எண்ணும் அப்படித்தான். இந்த ஒரு செய்தி மனத்தில் பதிந்துவிட்டால், தொடக்க வகுப்புகளில் எண்கோட்டைப் பற்றிக் கற்பிக்க வேண்டியதில் பாதி முடிந்துவிடும். பதியாவிட்டால், அளவுகோலால் பென்சிலின் நீளத்தை அளக்கும்போது 0-க்குப் பதிலாக 1-இல் முனையை வைப்பது வரைக்கும் அந்தக் குழப்பம் தொடரும்.

ஒரு நேர்க்கோட்டில் ஓர் இடத்தை 0 என்று குறித்து, அங்கிருந்து வலப்பக்கமாகச் சம இடைவெளிகளில் 1, 2, 3 என்று குறித்துக்கொண்டே போனால் எண்கோடு கிடைக்கிறது. வலப்பக்கம் போகப் போக எண் பெரிதாவது ஒரு வழக்கமே தவிர இயற்கை விதியன்று. நாம் இடமிருந்து வலமாக எழுதுவதால் அது கண்ணுக்கு இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் இடைவெளிகள் சமமாக இருக்க வேண்டும் என்பது வழக்கமன்று, கட்டாயம். குழந்தைகளைத் தாமாக ஒரு கோடு வரைந்து 10 வரை குறிக்கச் சொன்னால், பலர் தொடக்கத்தில் தாராளமாக இடம் விட்டு, 7-க்குப் பிறகு இடம் போதாமல் நெருக்கி எழுதுவார்கள். அந்தக் கோட்டை அழித்துவிட்டு நாமே அழகாக வரைந்து கொடுப்பதைவிட, அதிலேயே 2-இலிருந்து 3-க்கும் 8-இலிருந்து 9-க்கும் உள்ள தொலைவுகளை ஒரு நூலால் அளந்து பார்க்கச் சொல்வது நல்லது.

எண்கோட்டில் ஓர் எண்ணுக்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, அது ஓர் இடத்தைக் குறிக்கிறது. மற்றொன்று, அது ஒரு தாவலின் நீளத்தைக் குறிக்கிறது. 3 + 4 = 7 என்பதில் 3 புறப்படும் இடம், 4 தாவும் நீளம், 7 சேரும் இடம். பெரியவர்களுக்கு இது சொல்லத் தேவையில்லாத ஒன்றாகத் தோன்றலாம். ஆறு வயதுக் குழந்தைக்கோ, எழுதும்போது ஒரே மாதிரி தோன்றும் 3-க்கும் 4-க்கும் கோட்டில் ஏன் வெவ்வேறு நடத்தை என்பது உண்மையான கேள்வி. ஆகவே முதல் சில நாட்களாவது, ‘எங்கிருந்து புறப்படுகிறோம்? எந்தப் பக்கம்? எத்தனை தாவல்? எங்கே வந்து சேர்ந்தோம்?’ என்று நான்கு கேள்விகளையும் ஒவ்வொரு கணக்குக்கும் வாய்விட்டுக் கேட்பது பயன் தரும். கூட்டல் என்றால் வலப்பக்கம், கழித்தல் என்றால் இடப்பக்கம் என்பதை விதியாக மனப்பாடம் செய்ய வைக்கத் தேவையில்லை; எண்கள் பெரிதாகும் பக்கமா, சிறிதாகும் பக்கமா என்று கேட்டால் குழந்தையே சொல்லிவிடும்.

தரையில் ஒரு கோடு

தாளில் வரைவதற்கு முன்பு தரையில் நடக்க வைப்பது நல்லது. இதற்குத் தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. வீட்டிலோ வகுப்பறையிலோ ஓரடி அகல டைல்ஸ் பதித்த தரை இருந்தால், அதுவே சம இடைவெளிகள் கொண்ட ஆயத்தமான எண்கோடு. ஆனால் எண்களை எங்கே எழுதுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். இரண்டு டைல்ஸ்கள் சேரும் இணைப்புக் கோட்டின் மேல் சுண்ணக்கட்டியால் 0, 1, 2, 3 என்று எழுத வேண்டும். டைல்ஸின் நடுவில் எழுதக்கூடாது. இணைப்பின் மேல் எழுதினால், குழந்தை இணைப்பின் மேல் நிற்கிறது, ஒரு முழு டைல்ஸைத் தாண்டி அடுத்த இணைப்புக்குப் போகிறது. அது தாண்டிய டைல்ஸ்தான் ‘ஒன்று’ என்பதைக் கையால் தொட்டுக் காட்டலாம். 3-இல் நிற்கும் குழந்தையிடம் நான்கு டைல்ஸ்களைத் தாண்டச் சொன்னால், நின்ற இடத்திலேயே ‘ஒன்று’ என்று சொல்ல அதற்குத் தோன்றாது. ஏனெனில் அது இன்னும் எதையும் தாண்டவில்லை. தாளில் பலமுறை திருத்தியும் போகாத ஒன்று குறையும் பிழை, தரையில் பெரும்பாலும் தானாகவே மறைந்துவிடுகிறது.

டைல்ஸின் நடுவில் எண்களை எழுதினால் கிடைப்பது எண்கோடு அன்று. கட்டங்கள் வரிசையாக அமைந்த எண்பாதை. அதுவும் நல்ல கருவிதான், மிகச் சிறிய குழந்தைகளுக்கு எண்கோட்டைவிட எளியதும்கூட. ஏனென்றால் கட்டங்களை ஒன்று, இரண்டு என்று பொருள்களைப் போலவே எண்ணலாம். நான்கைந்து வயதில் எண்பாதை, பள்ளியில் கூட்டல் தொடங்கிய பிறகு எண்கோடு என்ற வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது. இரண்டையும் ஒரே நாளில் ஒரே பெயரால் அறிமுகப்படுத்துவதுதான் சிக்கல். எண்பாதை 1-இல் தொடங்கும், எண்கோடு 0-இல் தொடங்கும். எண்பாதையில் 2-க்கும் 3-க்கும் நடுவில் எதுவும் இல்லை, எண்கோட்டில் இரண்டரை இருக்கிறது.

எண்பாதையில் விளையாடுவதால் என்ன பயன் என்பதை அமெரிக்காவில் ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டனர். குறைந்த வருவாய்க் குடும்பங்களைச் சேர்ந்த மழலையர் பள்ளிக் குழந்தைகள், 1 முதல் 10 வரை ஒரே நேர்வரிசையில் கட்டங்கள் கொண்ட பலகையில் காய் நகர்த்தி விளையாடினார்கள். பல நாட்களில் சிறிது சிறிதாக, மொத்தம் ஏறத்தாழ ஒரு மணி நேர ஆட்டமே போதுமானதாக இருந்தது: இரண்டு எண்களில் எது பெரியது என்று சொல்வதிலும், ஓர் எண் கோட்டில் எங்கே வரும் என்று மதிப்பிடுவதிலும் அவர்கள் முன்னேறினார்கள்; எண்களுக்குப் பதிலாக வண்ணங்கள் இருந்த பலகையில் விளையாடியவர்களிடம் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. பின்னர் அதே கட்டங்களை வட்டமாக அமைத்துப் பார்த்தபோது பயன் குறைந்தது. இந்த ஆட்டத்தில் ஒரு நுட்பமான விதி இருந்தது. 5-ஆம் கட்டத்தில் நிற்கும் குழந்தைக்கு 2 விழுந்தால், ‘ஒன்று, இரண்டு’ என்று நகர்த்தக்கூடாது. ‘ஆறு, ஏழு’ என்று கட்டத்தில் உள்ள எண்ணைச் சொல்லியே நகர்த்த வேண்டும். நம் வீடுகளில் பரமபதம் ஆடும்போது இந்த விதியைச் சேர்த்துக்கொள்வதில் எந்தச் சிரமமும் இல்லை. பரமபதப் பலகையில் வரிசைகள் ஒன்றுவிட்டு ஒன்று திசை மாறுவதால், எண்கோட்டின் நேரான உருவம் அதில் கிடைக்காது என்பதை மட்டும் நினைவில் வைக்கலாம்.

புளியங்கொட்டையிலிருந்து கோட்டுக்கு

எட்டுடன் ஐந்தைக் கூட்டும்போது, எட்டுப் புளியங்கொட்டைகளையும் ஐந்து புளியங்கொட்டைகளையும் வைத்து, இரண்டு குவியல்களையும் சேர்த்து, மறுபடியும் ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை எண்ணுவது குழந்தைகளின் முதல் வழி. அது தவறான வழியன்று. கூட்டல் என்றால் சேர்ப்பது என்ற பொருள் அதில்தான் விளங்குகிறது. ஆனால் ஏற்கனவே எண்ணி முடித்த எட்டை மீண்டும் எண்ணுவது வீண் வேலை. எண்கோடு இந்த வீண் வேலையைத் தவிர்க்கச் சொல்லித்தருகிறது: 8-இல் போய் நின்றுவிட்டால், ‘ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று’ என்று ஐந்து தாவல்கள் போதும். அடுத்த படியில், 2 + 9 என்ற கணக்கைக் கொடுத்து, 2-இலிருந்து ஒன்பது தாவல்களும், 9-இலிருந்து இரண்டு தாவல்களும் தாவ வைக்க வேண்டும். இரண்டும் 11-இல் வந்து சேர்வதைப் பார்த்த குழந்தை, பெரிய எண்ணிலிருந்து தொடங்குவதை யாரும் சொல்லாமலேயே வழக்கமாக்கிக்கொள்ளும்.

இதற்குமேல் ஒவ்வொன்றாகத் தாவிக்கொண்டிருப்பது நல்லதன்று. எண்கோட்டைக் குறைசொல்பவர்கள், ‘குழந்தை இரண்டாம் வகுப்பிலும் விரலால் ஒன்றொன்றாக எண்ணிக்கொண்டிருக்கிறது’ என்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தவறு கோட்டினுடையதன்று, தாவலை நீளமாக்கச் சொல்லித்தராததுதான். 8 + 5-இல், முதலில் 2 தாவி 10-ஐ அடைந்து, மீதமுள்ள 3-ஐ அங்கிருந்து தாவினால் 13. பத்தில் ஒருமுறை நின்று போவது என்ற இந்தப் பழக்கம் வருவதற்கு, 10-ஐ எந்தெந்த இரண்டு எண்களாகப் பிரிக்கலாம் என்பது குழந்தைக்கு நன்கு தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாத நிலையில் இந்த முறையைத் திணித்தால், குழந்தை இரண்டு கணக்குகளில் தடுமாறும்.

இரண்டிலக்க எண்களுக்கு வரும்போது எல்லாக் குறிகளும் போட்ட கோடு பயன்படாது. 47 + 28-க்கு நூறு குறிகள் கொண்ட கோடு வரைய யாருக்கும் பொறுமை இருக்காது. வரைந்தாலும் குழந்தை குறிகளை எண்ணவே தொடங்கும். இங்குதான் நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரின் ஃப்ராய்டந்தால் நிறுவனத்தைச் சேர்ந்த கணிதக் கல்வியாளர்கள் வளர்த்தெடுத்த வெற்று எண்கோடு கைகொடுக்கிறது. எந்தக் குறியும் இல்லாத ஒரு கோட்டை மட்டும் வரைந்து, தேவையான எண்களை மட்டும் அதில் எழுதுவது இதன் முறை. அங்கே இதற்கு முன்னோடியாக, பத்து மணிகள் ஒரு நிறம், அடுத்த பத்து வேறு நிறம் என்று மாறி மாறிக் கோத்த நூறு மணிச் சரத்தைப் பயன்படுத்தினார்கள். இரண்டு நிற மணிகளையும் ஒரு நூலையும் கொண்டு இதை எந்த வகுப்பிலும் செய்துகொள்ளலாம். சரத்தில் ‘நாற்பத்தேழு’ எங்கே என்று கேட்டால், நான்கு முழுப் பத்துகளைத் தாண்டி, அடுத்த நிறத்தில் ஏழு மணிகள் எண்ணி, அல்லது ஐம்பதிலிருந்து மூன்று மணிகள் பின்னால் வந்து, குழந்தை விரலை வைக்கும்.

வெற்றுக் கோட்டில் 47 + 28 எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இடப்பக்கத்தில் 47 என்று எழுதுகிறோம். ஒரு பெரிய வில் வரைந்து 10 தாவினால் 57, இன்னொரு 10 தாவினால் 67. மீதம் 8 இருக்கிறது. 3 தாவினால் 70, மேலும் 5 தாவினால் 75. இன்னொரு குழந்தை 47-இலிருந்து ஒரேயடியாக 30 தாவி 77-க்குப் போய், இரண்டு அதிகமாகத் தாவிவிட்டோம் என்று 2 பின்னால் வந்து 75-ஐ அடையலாம். இரண்டும் சரி. கரும்பலகையில் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்து, யாருடைய வழி எப்படி என்று மற்ற குழந்தைகளைச் சொல்ல வைப்பது, அதே கணக்கைப் பத்து முறை செய்ய வைப்பதைவிட மேலானது. வில்களின் நீளம் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டியதில்லை; 10-க்கான வில் 3-க்கான வில்லைவிடப் பெரிதாக இருந்தால் போதும்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. படிப்படியாகக் கூட்டும் குழந்தைகள் 47 + 10 = 57 + 10 = 67 + 8 = 75 என்று ஒரே வரியில் எழுதிக்கொண்டு போவார்கள். விடை சரி, எழுதியது தவறு. 47 + 10 என்பது 57 + 10-க்குச் சமமன்று. சமக்குறியை ‘அடுத்து’ என்ற பொருளில் பயன்படுத்தும் இந்தப் பழக்கம் பிற்காலத்தில் இயற்கணிதத்தில் தொல்லை தரும். வெற்று எண்கோட்டில் இடைப்பட்ட விடைகளை எழுத இடம் இருப்பதால் அந்தத் தேவையே எழுவதில்லை.

கழித்தலின் இரண்டு முகங்கள்

கூட்டலில் குழந்தை கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான், கழித்தலில் இரண்டு. பெரும்பாலும் ஒன்றை மட்டுமே நாம் கற்பிக்கிறோம்.

‘கூடையில் 12 மாம்பழங்கள் இருந்தன, 7 பழங்களைக் கொடுத்துவிட்டோம், மீதி எத்தனை?’ இது எடுத்துவிடும் கழித்தல். எண்கோட்டில் 12-இல் நின்று ஏழு தாவல்கள் பின்னால் வந்தால் 5. ‘அக்காவிடம் 12 பென்சில்கள் இருக்கின்றன, தம்பியிடம் 7 இருக்கின்றன, அக்காவிடம் எத்தனை அதிகம்?’ இங்கே யாரும் எதையும் எடுக்கவில்லை. பின்னால் போவதற்கும் இடமில்லை. 7 ஓர் இடம், 12 ஓர் இடம். கேள்வி, இரண்டுக்கும் நடுவே உள்ள தொலைவு எவ்வளவு என்பது. 7-இலிருந்து 12 வரை முன்னால் தாவி, தாவல்களை எண்ணினால் 5. முதல் கணக்கில் விடை சேரும் இடமாக இருக்கிறது. இரண்டாவதில் விடை தாவலின் நீளமாக இருக்கிறது. கழித்தல் என்றால் எடுப்பது என்று மட்டும் கற்ற குழந்தை, இரண்டாவது வகைக் கணக்கில் ‘அதிகம்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு 12-ஐயும் 7-ஐயும் கூட்டி 19 என்று எழுதுவதில் வியப்பில்லை. எண்கோட்டில் இரண்டு இடங்களையும் குறித்துவிட்டு, ‘இந்த இடைவெளியைத்தான் கேட்கிறார்கள்’ என்று காட்டினால் 19 எழுத மனம் வராது.

எப்போது பின்னால் போவது, எப்போது முன்னால் எண்ணுவது? கணக்கின் எண்களைப் பார்த்து முடிவு செய்யலாம். 52 – 3-க்கு 52-இலிருந்து மூன்று பின்னால் வருவது எளிது. 503 – 498-க்கு 498 தாவல்கள் பின்னால் போவது பைத்தியக்காரத்தனம். 498-இலிருந்து 500-க்கு 2, அங்கிருந்து 503-க்கு 3, ஆக 5 என்று முடித்துவிடலாம். இதே கணக்கை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிச் செய்தால், மூன்றிலிருந்து எட்டு போகாது, பக்கத்தில் கடன் வாங்கலாம் என்று பார்த்தால் அங்கே பூச்சியம், அதற்கும் பக்கத்தில் கடன் வாங்கி, அதை ஒன்பதாக்கி என்று பெரியவர்களுக்கே மூச்சு வாங்கும். கடன் வாங்கிக் கழிக்கும் முறை தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. எண்களை ஒருமுறை பார்க்காமலேயே அதில் இறங்கிவிடும் பழக்கம்தான் வருத்தத்துக்குரியது. 63 ரூபாய்க்குப் பொருள் வாங்கி நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தால், பழைய மளிகைக் கடைக்காரர் கழித்துப் பார்ப்பதில்லை. ஏழு ரூபாய்ச் சில்லறையை வைத்து ‘எழுபது’ என்பார், மூன்று பத்து ரூபாய்த் தாள்களை வைத்து ‘எண்பது, தொண்ணூறு, நூறு’ என்பார். மீதி 37 ரூபாய் நம் கைக்கு வந்துவிடும். வெற்று எண்கோட்டில் 63-இலிருந்து 100-க்கு வரையப்படும் வில்களும் இவையே.

பூச்சியத்துக்கு இடப்பக்கம்

9 – 2-ஐயும் 2 – 9-ஐயும் கோட்டில் செய்து பார்க்கச் சொன்னால், இரண்டாவதில் குழந்தை பூச்சியத்தில் வந்து நின்றுவிடும். இன்னும் ஏழு தாவல்கள் பாக்கி இருக்கும். ‘சிறியதிலிருந்து பெரியதைக் கழிக்க முடியாது’ என்று அப்போதைக்குச் சொல்லிவிடுவது நம் வழக்கம். அந்த வாக்கியத்தை ஆறாம் வகுப்பில் முழுக்கள் பாடம் வரும்போது திரும்பப் பெற வேண்டியிருக்கும் என்பதால், ‘கோடு இடப்பக்கமும் நீளும், அங்கே உள்ள எண்களைப் பிறகு படிப்போம்’ என்று சொல்லி வைப்பது நேர்மையானது.

இது ஒன்றும் புதிய யோசனையன்று. இங்கிலாந்துக் கணிதவியலாளர் ஜான் வாலிஸ், இயற்கணிதம் பற்றி 1685-இல் வெளியிட்ட நூலில், ஒரு கோட்டின் மேல் நடக்கும் மனிதனைக் கொண்டே இதை விளக்கினார். அவன் 5 கஜம் முன்னால் போய், 2 கஜம் பின்னால் வந்தால், புறப்பட்ட இடத்திலிருந்து 3 கஜம் முன்னேறியிருக்கிறான். 5 கஜம் முன்னால் போய், 8 கஜம் பின்னால் வந்தால்? புறப்பட்ட இடத்துக்கும் பின்னால் 3 கஜத்தில் நிற்கிறான். அதைத்தான் –3 என்று எழுதுகிறோம். ‘ஒன்றுமில்லாததைவிடக் குறைவானது எப்படி இருக்க முடியும்?’ என்று குறை எண்களைப் பற்றித் தயங்கிக்கொண்டிருந்த காலத்தில், எண்ணை ஓர் இடமாகப் பார்த்ததாலேயே அவருக்கு அந்த விளக்கம் கிடைத்தது. குவியலில் –3 மாம்பழங்கள் இருக்க முடியாது. கோட்டில் –3 என்ற இடம் தாராளமாக இருக்கலாம்.

குறை எண்ணைக் கழிக்கும் கணக்குதான் பலருக்கும் தொண்டையில் மாட்டும் முள். 2 – (–10) என்பதற்கு, இடப்பக்கம் பார்த்து நின்றுகொண்டு பின்னால் நடக்க வேண்டும் என்றெல்லாம் விளக்குகிறார்கள். விடை வரும், ஆனால் ஏன் அப்படித் திரும்பி நிற்க வேண்டும் என்று கேட்கும் மாணவருக்குத் தருவதற்குப் பதில் இல்லை. ‘மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்’ என்ற மந்திரம் இதைவிட மோசம். –3 – 2-ஐயும் சிலர் அதைச் சொல்லியே 5 ஆக்கிவிடுகிறார்கள். கழித்தலின் இரண்டாவது முகத்தை முன்பே அறிந்த மாணவருக்கு இந்தச் சுற்றுவழி தேவைப்படாது. லடாக்கின் லே நகரில் ஒரு குளிர்கால இரவில் வெப்பநிலை –10 டிகிரியாகவும், மறுநாள் பகலில் 2 டிகிரியாகவும் இருந்தால், எத்தனை டிகிரி ஏறியிருக்கிறது? –10-இலிருந்து 0 வரை பத்து, அங்கிருந்து 2 வரை இரண்டு, மொத்தம் 12. 2 – (–10) கேட்பது இந்தத் தொலைவைத்தான்.